வழக்காடத் தகுதி உடையவர்

வீரணன் மேல் வழக்குப் போடுவதற்காக முத்துப்பேச்சி, வீரணனுடைய வண்டியிலேயே திருச்சுழிக்குப் போனாள். அதில் விசித்திரம் ஒன்றுமில்லை. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அந்தப் பஸ் டிரைவருக்கே தெரியாது. ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். வீரணனிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. பருத்திப் பொதியும் சோளத்தட்டையும் ஏற்றுகிற வண்டி. முத்துப்பேச்சியின் இறந்துபோன புருஷன் சோலை அவனுக்கு அண்ணன் முறை. மதினி வெயிலில் ரோட்டோரம் நிற்கும்போது நிறுத்தாமல் போக முடியுமா? நிறுத்தினான்.

"எங்க மதினி?" என்றான். "ஒன் மேல கேஸு போட" என்றாள். "ஏறுங்க" என்றான்.

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வழியெல்லாம் இரண்டு பேரும் மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

விஷயம் ஒரு ஆட்டைப் பற்றியது. எம்.ரெட்டியபட்டி தாண்டி, ரோட்டை ஒட்டிய சீமைக்கருவேல மரத்தில் தன் சினை ஆட்டைக் கட்டிவிட்டு முத்துப்பேச்சி பருத்திக்காட்டுக்குள் களை வெட்டப் போயிருந்தாள். வீரணன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையில் செல்போனை வைத்து லோடு பேசிக்கொண்டு வந்தான். வண்டி தார்ரோட்டை விட்டு இறங்கியது அவனுக்குத் தெரியவில்லை. ஆடு செத்துப்போனது. வயிற்றில் கிடந்த குட்டிகளும்தான்.

இதுவரைக்கும் யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்கப்புறம் அவன் செய்ததுதான் அவனைத் தூங்கவிடாமல் அடித்தது. இறங்கிப் பார்த்தான். சுற்றிலும் ஆள் இல்லை. ஆட்டின் கழுத்திலிருந்தும் மரத்திலிருந்தும் கயிற்றை அவிழ்த்து ஓடைக்குள் வீசிவிட்டான். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து போயிருந்தது. விபத்துச் செய்த வண்டி என்று தெரிந்தால் அருப்புக்கோட்டை மில்லில் அடுத்த லோடு தரமாட்டார்கள். கயிற்றை வீசும்போது இந்தக் காரணங்களெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. பிற்பாடுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டான்.

சனங்கள் கூடியபோது ஆடு குறுக்கே ஓடிவந்துவிட்டது என்று சொன்னான். முத்துப்பேச்சி காட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து, கட்டிப்போட்டிருந்தேனே என்றாள். கட்டியிருந்தால் கயிறு எங்கே என்று டீக்கடை மணிகண்டன் கேட்டான். அவள் ஆட்டின் கழுத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். கடைசியில் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஊர் அவளைப் பற்றி ஒரு மாதிரிப் பேசியது. ஆட்டை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டு வண்டிக்காரனிடம் காசு பறிக்கப் பார்க்கிறாள் என்றார்கள். அவளுக்குப் புத்தி முன்னைப்போல இல்லை என்று சில பேர் இரக்கத்தோடு சொன்னார்கள். இரண்டாவது பேச்சுதான் அவளை அரித்தது. பக்கத்து ஊரான வீரசோழனுக்கு ஒரு காரியமாகக் கிளம்பி, வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் இறங்கித் திரும்பினாள். அடுப்பை அணைத்துவிட்டு அணைத்தோமா என்று மறுபடி வந்து பார்த்தாள்.

வீரணன் வேறொரு நல்ல ஆடாகப் பிடித்துக்கொண்டு போய் அவள் வாசலில் நிறுத்தினான். அவள் வாங்கவில்லை. "ஆடு வேணாம்யா. நான் கட்டுனேனா கட்டலையான்னு நாலு பேரு முன்னால பெரியவுக யாராச்சும் வெளக்கிச் சொல்லணும். அதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போறேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் வீரணனுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. கோர்ட்டு என்றால் துருவித் துருவிக் கேட்பார்கள். உண்மை தானாக வெளியே வந்துவிடும். தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. தோற்றுப்போனால் போதும் என்று அவன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

திருச்சுழியில் அவர்கள் போய் இறங்கிய இடத்துக்கு 'எளியோர் உடனடி நீதி மையம்' என்று பெயர். சின்ன வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே புதிதாகத் திறந்தது. வாசலில் பெரிய பலகை இருந்தது. வக்கீல் வேண்டாம், செலவு வேண்டாம், காத்திருக்க வேண்டாம், நேரே வாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், யார் யார் வரக்கூடாது என்று இருந்தது. அது பலகையில் அடங்காமல் சுவரில் தொடர்ந்து, மூலை திரும்பி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போயிருந்தது.

உள்ளே தலைமை எழுத்தர் இன்பராஜ் இருந்தார். மேஜை கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தது. அவர் கோபக்காரர் அல்ல. வந்தவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மையத்தின் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

"நாட்டில் எந்தக் கோர்ட்டை எடுத்தாலும் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. இங்கே ஒரு வழக்குகூட நிலுவையில் கிடையாது. எப்படி என்று கேளுங்கள். பதிந்தால்தானே நிலுவை வரும்?"

முத்துப்பேச்சி அதை நல்ல செய்தி என்று நினைத்துத் தலையாட்டினாள்.

நீங்கள் எளியவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்டார். அவள் தன் சேலையையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, பார்த்தால் தெரியவில்லையா என்றாள். எல்லோரும் இப்படித்தான் தங்களையே காட்டுகிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார். எதில் வந்தீர்கள் என்று கேட்டார். வண்டியில் என்றாள். யார் வண்டி என்றார். இந்தா நிக்கிறானே, இவன் வண்டி என்றாள். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார்.

"கொழுந்தன் மொறை. இவன் மேலதான் கேஸு."

இன்பராஜ் பேனாவை மூடி வைத்தார். இரண்டு தரப்பும் ஒரே வண்டியில் வந்தால் தகராறு இல்லை என்று பொருள் என்றும், தகராறு இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்றும் பொறுமையாக விளக்கினார். "அடுத்த தடவை கொஞ்சம் கோபமாக வாருங்கள்" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார்.

அடுத்த தடவை வீரணன் அவளை மையத்துக்கு முந்திய ரோட்டு வளைவிலேயே இறக்கிவிட்டுத் தனியாகப் போனான். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்பராஜுக்குத் திருப்தியாக இருந்தது. ஆட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

செத்துப்போன ஆட்டின் பாட்டி, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஆடு. முத்துப்பேச்சியின் மாமியார் பேரில் கொடுத்தது. மாமியாரும் இல்லை, அந்த ஆடும் இல்லை. அப்படியானால் இந்த ஆடு உங்களுக்கு எப்படி வந்தது என்றார். குட்டி போட்டு வந்தது என்றாள். அது ஆட்டின் தரப்பு, உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்றார். மாமியாருக்கு வாரிசுச் சான்று வேண்டும். ஆட்டுக்கும் ஒன்று இருந்தால் நல்லது. கிராம நிர்வாக அலுவலர் மாமியாருக்கு எழுதித் தந்தார். ஆட்டுக்குக் கேட்டபோது, நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் பதவிக்காலத்தில் அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை என்று எழுதித் தந்தார். இன்பராஜ் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு, ஆட்டை எதற்கு வளர்த்தீர்கள் என்ற கேள்வி வந்தது. விற்பதற்கா, ஆசைக்கா? விற்பதற்கு என்றால் அவள் வியாபாரி. வியாபாரிகளுக்கு இந்த மையத்தில் இடமில்லை. ஆசைக்கு என்றால் நட்டம் ஒன்றும் ஆகவில்லை. நட்டம் ஆகாதவர் வழக்குப் போட முடியாது.

"ரெண்டுக்குந்தான்யா" என்றாள் முத்துப்பேச்சி. "வளக்குற வரைக்கும் ஆசை. வெலைக்குக் கேட்டு வந்தா விக்கிறதுதான்."

இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டம் படிவத்தில் இல்லை என்று இன்பராஜ் சொன்னார். கட்டம் போட மேலிடத்துக்கு எழுதுவதாகவும், அதற்குள் அவள் தன் மனநிலை சரியாக இருக்கிறது என்பதற்கு டாக்டரிடம் சான்று வாங்கிவந்தால் காலம் வீணாகாது என்றும் சொன்னார். புத்தி பேதலித்தவர்கள் நேரடியாக வழக்குப் போட முடியாது என்பது விதி. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எழுதியிருக்கிறது.

டாக்டர் நல்ல மனிதர். ஒரு ஆட்டுக்காக இத்தனை தடவை அலைகிறவருக்கு எப்படிச் சான்று கொடுப்பது என்று முதலில் சிரித்தார். பிறகு, மறதி, சந்தேகம் ஏதாவது உண்டா என்று கேட்டார். முத்துப்பேச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆட்டைக் கட்டினேனா இல்லையா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றாள். டாக்டர் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது அவள் சான்றுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தாள். பாதி வழி தாண்டியதும் கேட்டாள்.

"நீதானய்யா மொத ஆளாப் பாத்த. நீ சொல்லு. நான் கட்டிருந்தேனா?"

வீரணனின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். எதிரே ஒரு லாரி வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தான். போனது.

"எனக்கெப்படித் தெரியும் மதினி" என்றான்.

அவள் சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று ராத்திரி அவன் பெண்டாட்டி சோறு வைத்துவிட்டு, என்ன சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவளிடமும் அவன் சொல்லவில்லை.

மறுபடி மையத்துக்குப் போனபோது இன்பராஜ் டாக்டரின் சான்றைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தன் செயலில் தனக்கே ஐயம் உள்ளவர் வழக்காடத் தகுதியற்றவர் என்று சிவப்பு மையில் எழுதினார். முத்துப்பேச்சிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் சிவப்பு மை என்றால் என்ன என்று தெரிந்தது. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

வீரணன் அவள் போவதைப் பார்த்தான். மேஜைக்கு முன்னால் போய் நின்று, மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போன் பேசிக்கொண்டு வந்ததை, வண்டி இறங்கியதை, ஆடு கட்டித்தான் இருந்தது என்பதை, கயிற்றை அவிழ்த்து எறிந்ததை.

இன்பராஜ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வழக்குப் பதிவதற்கு முன்னால் வாக்குமூலம் வாங்குவது பெரிய விதிமீறல், தன் வேலையே போய்விடும், எதுவும் தன் காதில் விழவில்லை என்றார். வழக்கு நடந்தால் இதைச் சொல்லலாமா என்று வீரணன் கேட்டான். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் வழக்குப் போட ஆள் வேண்டுமே என்றார் அவர். சொல்லிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

வண்டி யார் பேரில் இருக்கிறது என்றார். என் பேரில் என்றான். கடையில் வாங்கியதா, இலவசமா என்றார். கடையில் என்றான். ஆடு மோதியதில் வண்டிக்கு ஏதாவது அடியா என்றார். முன்னால் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது என்றான். உங்களுக்கு எதிலாவது சந்தேகம் உண்டா என்றார். இல்லை, நடந்தது எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான்.

இன்பராஜ் எழுந்து நின்றுவிட்டார். "இந்த மையம் திறந்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த ஆள் நீங்கள்தான். எல்லா விதிக்கும் பொருந்துகிறீர்கள்."

வண்டி வியாபாரத்துக்கு ஓடுவதுதானே, நானும் வியாபாரி இல்லையா என்று வீரணன் கேட்டான். அந்த விதி ஆட்டுக்கு வந்துவிட்டது, வண்டிக்கு இன்னும் வரவில்லை என்றார் அவர். வீரணன் மனுதாரர். முத்துப்பேச்சி எதிர்மனுதாரர். ஆட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்குச் சேதம் விளைவித்ததாக வழக்கு. இது அநியாயம் என்று வீரணன் சொன்னபோது, வழக்கு நடந்தால்தானே மையத்தின் தலைவர் அம்மா முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்ல முடியும் என்று அவர் கேட்டார். அது சரியாகத்தான் பட்டது. வீரணன் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணாமல் விழுந்தது. அதை நினைத்துத்தான் அவன் பின்னால் மிகவும் வெட்கப்பட்டான்.

முத்துப்பேச்சிக்கு நோட்டீஸ் போனது. எதிர்மனுதாரர் மனுதாரரின் வண்டியில் வரக்கூடாது என்று அதில் தனியாக அடிக்கோடிட்டிருந்தது. ஆகவே அவள் பஸ்ஸில் போனாள். கூட்டத்தில் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு போனாள். அவள் விழுந்துவிடக்கூடாது என்று வீரணன் காலி வண்டியைப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான்.

மையத்தின் முதல் வழக்கு என்பதால் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தலைவர் கனகலட்சுமி அம்மாள் வீரணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். முத்துப்பேச்சியை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"இந்த மையம் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை" என்று தலைவர் பேசினார். "தகுதி இல்லாதவர்கள் தாங்களாகவே திரும்பிப் போய்விடுகிறார்கள். கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. உள்ளே யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டதால்தான் இவ்வளவு காற்றோட்டமாக இருக்கிறது. இன்று ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். எளியவர்களுக்கு நீதி எட்டிவிட்டது."

எல்லோரும் கைதட்டினார்கள். முத்துப்பேச்சியும் தட்டினாள்.

மனுதாரர் பேசும்போது எதிர்மனுதாரர் கேட்கக்கூடாது என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். வீரணன் பொன்னாடையோடு எழுந்து நின்று, ஒன்றையும் விடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுக்கு வியர்த்திருந்தது. உடம்பு லேசானது போல இருந்தது.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மனுதாரர் தன் மனுவுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல முடியாது என்றார். அப்படிச் சொன்னால் அவரும் தன் செயலில் ஐயம் உள்ளவர் ஆகிவிடுவார். தகுதி போய்விடும், முதல் வழக்கே தள்ளுபடியாகிவிடும். மேலிடத்துக்குப் போட்டோ போய்விட்டது. "வெயிலில் வண்டி ஓட்டி வந்திருக்கிறார், தண்ணீர் கொடுங்கள்" என்றார். அவன் சொன்னதைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. இன்பராஜ் முதலிலேயே எழுதவில்லை.

பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, ஆட்டைக் கட்டியிருந்தீர்களா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அவள் வீரணனைப் பார்த்தாள். மேலே ஓடாமல் நின்ற ஃபேனைப் பார்த்தாள்.

"கட்டுன மாதிரிதான் இருக்கு" என்றாள்.

'மாதிரி' என்பது ஆம் ஆகாது என்று தீர்மானித்தார்கள். ஆடு அவிழ்ந்து திரிந்தது, வண்டி தன் வழியில் வந்தது, தவறு எதிர்மனுதாரருடையது என்று தீர்ப்பாயிற்று. அவள் எளியவர் என்பதால் அபராதம் வேண்டாம், எச்சரித்து அனுப்பலாம் என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார். அவள் எளியவர் என்பதை மையம் அப்போதுதான் முதல்முறையாக ஒத்துக்கொண்டது.

வீரணன் இன்பராஜின் மேஜைக்கு ஓடினான். இந்தத் தீர்ப்பு தப்பு, அப்பீல் போடவேண்டும் என்றான். ஜெயித்தவருக்கு அப்பீல் உரிமை இல்லை என்றார் அவர். அப்படியானால் மதினி போடட்டும் என்றான். அந்த அம்மா வழக்காடத் தகுதி இல்லாதவர் என்று ஏற்கனவே சிவப்பு மையில் இருக்கிறது, அப்பீலும் வழக்குதானே என்றார். இவ்வளவையும் அன்பாகத்தான் சொன்னார். தீர்ப்பின் நகலை உறையில் போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீரணன் ஊருக்கு வந்து டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியபோது செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தது. பொன்னாடைப் போட்டோ எல்லோர் செல்போனிலும் இருந்தது. மணிகண்டன் உறையை வாங்கிப் பிரித்துத் தீர்ப்பைச் சத்தமாக வாசித்தான். அவன் வாசித்து முடிப்பதற்குள் வீரணன் சொன்னான்.

"அதெல்லாம் பொய். ஆடு கட்டித்தான் கெடந்துச்சு. நான்தான் கயித்த அவுத்து எறிஞ்சேன்."

 கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர், மதினி மேல் உள்ள இரக்கத்தில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான், எவ்வளவு நல்ல மனசு என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள். வீரணன் மறுபடியும் சொன்னான். ஓடையில் எந்த இடத்தில் வீசினான் என்றுகூடச் சொன்னான். கோர்ட்டே விசாரித்துச் சொன்னபிறகு நீ ஏனப்பா பொய் சொல்கிறாய் என்று மணிகண்டன் உரிமையோடு கடிந்துகொண்டான். அவன் சொல்லச் சொல்ல ஊருக்கு அவன் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

அப்போது பஸ் வந்து நின்றது. முத்துப்பேச்சி இறங்கினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வீரணன் அவள் எதிரே போய் நின்று, இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மதினி, நீங்க கட்டித்தான் இருந்தீக. அவுத்தது நானு."

 அவள், ஒருவர் கணக்கைச் சரிபார்ப்பது போலக் கேட்டாள்.

"என்ன முடிச்சுப் போட்டிருந்தேன்?"

"ரெட்ட முடிச்சு. கழுத்து ஒரசாம இருக்க, கயித்துல சேலைத்துணியச் சுத்தியிருந்தீக. பச்சைத் துணி. ஈரமா இருந்துச்சு."

முத்துப்பேச்சி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றாள். "வெக்கையா இருந்துச்சுன்னு நனைச்சுச் சுத்துனேன். ஆமா. நான் கட்டித்தான் இருந்தேன்."

தீர்ப்பில் அப்படி இல்லையே அக்கா என்று மணிகண்டன் தாளைத் தூக்கிக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீரணனிடம் அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒன்கிட்டத்தானய்யா கேட்டேன். கோர்ட்டுல கேக்குறதுக்கு முன்னால, வண்டியில வச்சு, ஒன்கிட்டத்தான கேட்டேன்."

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பருத்திக்காட்டுப் பாதையில் இறங்கி, வேகமாகவும் நிதானமாகவும் போய்விட்டாள்.

மணிகண்டன் ஸ்பெஷலாக ஒரு டீ போட்டு வீரணன் கையில் கொடுத்தான். வீரணன் சட்டைப்பையில் கைவிட்டபோது தடுத்தான். உங்களைப் போல ஒரு ஆளிடம் இன்றைக்குக் காசு வாங்கினால் எனக்குப் பாவம் என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வீரணன் அந்தக் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சூடு விரலைச் சுட்டது. கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.